டனலில் வந்த பாக்கெட் ப்ராக்ஸிக்கு ஏன் போகவில்லை?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு லினக்ஸ் சர்வர். அதில் வயர்கார்ட் வி.பி.என். (இணையத்தின் ஊடே பூட்டிய ஒரு டனல், அதாவது சுரங்கவழி), அதிலேயே ஸ்குவிட் ப்ராக்ஸி (பிரவுசருக்காகப் பக்கங்களைக் கொண்டுவரும் இடைத்தரகர்). சந்தூர்ப் பக்கம் கொள்முதலுக்குப் போகிறவரின் லேப்டாப் டனல் வழியாக ஆபீசுக்கு வருகிறது. அவர் பிரவுசரில் எதையும் மாற்றாமலே 80-ஆம் போர்ட்டுக்கு (பூட்டில்லாத வெப் பக்கங்களின் வாசல்) போவதெல்லாம் ப்ராக்ஸிக்குத் திரும்ப வேண்டும். டனல் இணைந்துவிட்டது, பக்கம்தான் திறக்கவில்லை. சர்வரின் டனல் முகவரி 10.8.0.1, லேப்டாப் 10.8.0.2, ப்ராக்ஸி போர்ட் 3129.

படி 1: பாக்கெட் வருகிறதா?

சர்வரில் டனல் இன்டர்ஃபேஸ் மீது டிசிபி டம்ப் (போகிற வருகிற பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, லேப்டாப்பில் எச்டிடிபிஎஸ் இல்லாத ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 80-ஐ நோக்கி சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) தெரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஒன்றுமே தெரியாவிட்டால் ஃபயர்வாலைத் தொடாதீர்கள். லேப்டாப்பின் வயர்கார்ட் கோப்பில் அலவ்டு ஐபிஸ் வரியைப் பாருங்கள். அங்கே 10.8.0.0/24 மட்டும் இருந்தால் இணையத்துக்கான பாக்கெட் டனலுக்குள் நுழையவே நுழையாது. 0.0.0.0/0, அதாவது எல்லா முகவரியும், வேண்டும். டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) பதில் வராவிட்டாலும் சின் கிளம்பாது, எனவே அதன் 53-ஆம் போர்ட்டையும் ஒரு பார்வை பாருங்கள்.

படி 2: விதியில் மாட்டுகிறதா?

லினக்ஸின் ஃபயர்வாலான ஐபி டேபிள்ஸின் நாட் அட்டவணையில் (முகவரி, போர்ட்டை மாற்றும் விதிகள் இருக்கும் இடம்), பாக்கெட் வந்ததும் கடக்கும் ப்ரீரவுட்டிங் செயினை (விதிகளின் வரிசை) எண்ணிக்கையோடு பாருங்கள். 80-ஐ 3129-க்குத் திருப்பும் ரீடைரக்ட் விதிக்கு நேரே பூஜ்யம் என்றால் பெரும்பாலும் இன்டர்ஃபேஸ் பெயர் தவறு. எண் கொஞ்சமாக ஏறினால் கவலை வேண்டாம். ஒவ்வொரு இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே இங்கே எண்ணப்படும். விதியை மாற்றினால் புது இணைப்பு திறந்து சோதியுங்கள், பழையவை பழைய வழியிலேயே போகும்.

படி 3: எங்கே நிற்கிறது?

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ‘ஃபார்வர்டிங் வேலை செய்யவில்லை’ என்று ஐபி ஃபார்வர்டையும் (பாக்கெட்டை வேறிடத்துக்குக் கடத்திவிடும் அமைப்பு) ஃபார்வர்ட் செயினையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஆனால் ப்ராக்ஸி இதே சர்வரில் இருக்கிறது. ரீடைரக்ட் ஆன பாக்கெட், கடந்து வெளியே போகிறவற்றுக்கான ஃபார்வர்ட் செயினுக்குப் போகாது, இந்த சர்வருக்கே வருகிறவற்றுக்கான இன்புட் செயினுக்குத்தான் போகும். ஓசூரிலிருந்து வரும் லாரி கிருஷ்ணகிரியிலேயே சரக்கை இறக்கிவிட்டால், தொப்பூர் கணவாயில் காத்திருந்து என்ன பயன்?

இன்புட்டில் திறக்க வேண்டியது 80 அல்ல, 3129. அங்கு வருவதற்குள் போர்ட் மாறிவிட்டிருக்கும். முகவரியும் மாறியிருக்கும்: ரீடைரக்ட் அதை டனலின் சொந்த முகவரியான 10.8.0.1 ஆக்கிவிடும். ஸ்குவிட் 127.0.0.1-இல் (சர்வர் தன்னையே அழைக்கும் முகவரி) மட்டும் காத்திருந்தால் யார் கதவைத் தட்டுவது? எஸ்எஸ் கட்டளையில் அது எந்த முகவரியில் கேட்கிறது என்று தெரியும். டிநாட் (சேருமிட முகவரியை மாற்றும் விதி) போட்டு 127.0.0.1-க்கே அனுப்பப் பார்த்தால், ரவுட் லோக்கல்நெட் அமைப்பை இயக்காதவரை கர்னல் அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறியும். அதை இயக்குவதைவிட ஸ்குவிடை 10.8.0.1-இல் கேட்க வைப்பதே நல்லது.

டிசிபி டம்பே குறிப்பு கொடுக்கும். சின் வந்ததும் உடனே ரீசெட் (மறுப்பு) திரும்பினால், பெரும்பாலும் அந்த முகவரியில் யாரும் கேட்கவில்லை. பதிலே இல்லை, சின் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ஃபயர்வால் விழுங்குகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

படி 4: ப்ராக்ஸி திட்டுகிறதா?

‘இன்வேலிட் யுஆர்எல்’ என்று ஸ்குவிட் பக்கம் வந்தால், சரி, பாக்கெட் சேர்ந்துவிட்டது. அந்த போர்ட் வரியில் இன்டர்செப்ட் என்ற சொல் விடுபட்டிருக்கும். எச்டிடிபிஎஸ் போர்ட்டான 443-ஐயும் இதே போர்ட்டுக்குத் திருப்பாதீர்கள், பூட்டிய டிஎல்எஸ் அதற்குப் புரியாது. நேராக வெளியே போகும் 443-க்கும் வெளி டிஎன்எஸ்ஸுக்கும்தான் ஐபி ஃபார்வர்டும் மாஸ்க்வரேடும் (லேப்டாப்பின் முகவரிக்குப் பதில் சர்வரின் முகவரியைப் போட்டு அனுப்புவது) தேவை. டாக்கர் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) இருக்கும் சர்வரில் ஃபார்வர்ட் செயினின் இயல்பு டிராப், அதாவது எந்த விதியிலும் மாட்டாததைத் தூக்கி எறிவது, ஆகியிருக்கலாம்.

சிறிய ஆபீசுக்கு என் யோசனை: பிரவுசரிலேயே 10.8.0.1, போர்ட் 3128 (இன்டர்செப்ட் இல்லாத, ஸ்குவிடின் வழக்கமான போர்ட்) என்று ப்ராக்ஸியை எழுதிவிடுங்கள். ரீடைரக்டும் வேண்டாம், எச்டிடிபிஎஸ்ஸும் அதன் வழியே போகும்.

சின்னப் பக்கம் திறந்து பெரியது பாதியில் நின்றால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பாருங்கள். வயர்கார்ட் வழக்கமாக வைப்பது 1420. 1280-க்கு இறக்கிச் சோதியுங்கள். எல்லாம் ஓடியதும் விதிகளைச் சேமித்துவிடுங்கள், கரண்ட் போய் வந்தால் ஐபி டேபிள்ஸ் காலியாக இருக்கும்.