காட்டுத்தீக்கு ஊரைத் தயார்ப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுத்தீ என்றதும் மரங்களுக்கு மேலே எழும்பி வரும் தீச்சுவர்தான் நம் கண்முன் வரும். ஊரைத் தயார்ப்படுத்தக் கிளம்புகிறவர்களும் அந்தச் சுவரை மனதில் வைத்தே திட்டம் போடுகிறார்கள். காட்டோரமாகச் செடிகொடிகளை அகற்றி அகலத் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள், தண்ணீர்த் தொட்டி வைக்கிறார்கள். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் பெரும்பாலான வீடுகளைப் பிடிப்பது அந்தச் சுவர் அல்ல, காற்றில் பறந்து வரும் கனல் துண்டுகள். எரியும் பட்டை, சுள்ளி, சருகு எல்லாம் பலத்த காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போய் விழும். நீங்கள் வெட்டிய கோடு அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்தது. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பிறகு வந்த படங்களில் பல இடங்களில் வீடு சாம்பலாகக் கிடக்கிறது, பக்கத்திலேயே மரம் பச்சை இலையோடு நிற்கிறது. அமெரிக்க வனத்துறையில் தீ ஆய்வாளராக இருந்த ஜாக் கோஹன் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததும் இதைத்தான்: ஒரு வீடு பிழைப்பது பெரும்பாலும் அந்த வீட்டையும், அதைச் சுற்றிச் சுமார் 30 மீட்டருக்குள் என்ன கிடக்கிறது என்பதையும் பொறுத்தது.

ஆக, காட்டில் தொடங்கி வீட்டுக்கு வருவது முதல் தவறு. வேலையை வீட்டுச் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். காற்றடித்து ஓய்ந்த ஒரு நாளில் வீட்டைச் சுற்றி மெதுவாக நடந்து பாருங்கள். வாசற்படி மூலையில் சருகு ஒதுங்கியிருக்கும். இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்தில் கொஞ்சம், மழைநீர் வடியும் தகரக் காவாயில் கொஞ்சம், படிக்கட்டுக்கு அடியில் கொஞ்சம். காற்று சருகைக் கொண்டுவந்து போடும் அதே இடங்களில்தான் கனலையும் போடும். அந்த மூலையில் கயிற்று மிதியடி, துடைப்பம், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி இருந்தால் தீக்கு வேறென்ன வேண்டும்? சுவரை ஒட்டிய ஒன்றரை மீட்டருக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. விறகு அடுக்கைத் தள்ளி வையுங்கள். கூரைக்கு அடியில் உள்ள காற்றோட்டத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டர் கண் உள்ள உலோக வலை போடுங்கள். பிளாஸ்டிக் வலை உருகிவிடும்.

இதற்காக எல்லா மரத்தையும் வெட்டித் தள்ள வேண்டியதில்லை. வெட்டிய இடத்தில் புல் முளைத்துக் காய்ந்தால் அது மரத்தைவிட வேகமாகப் பற்றும். தாழ்ந்த கிளைகளைக் கழித்து, புதரிலிருந்து மரத்துக்குத் தீ ஏற முடியாமல் செய்தால் பெரும்பாலும் போதும். கழித்த கிளைகளை வீட்டோரமே குவித்து வைக்காதீர்கள். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் வண்டி ஏற்பாடு செய்யாமல் வெட்டத் தொடங்கிய ஊர்களில் கடைசியில் அதுதான் நடக்கிறது.

அடுத்தது, "என் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒவ்வொருவரும் ஒதுங்குவது. காட்டில் தீயின் முகப்பு ஒரு இடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். எரியும் வீடோ மணிக்கணக்கில் நின்று எரிந்து பக்கத்து வீட்டைச் சுட்டுக்கொண்டே இருக்கும். நெருக்கமான தெருவில் கவனிப்பாரற்ற ஒரு பூட்டிய வீடு போதும், மற்ற எல்லோருடைய உழைப்பும் வீண். அந்த வீட்டுச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் அனுப்புவதில் பெரிய பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு ஆட்களோடு போய்ச் சுத்தம் செய்துவிட்டு வருவது மேல். ஏணி ஏற முடியாத முதியவர் வீட்டுக்கும் இதே வழிதான்.

அப்புறம், வெளியேறும் திட்டம். உத்தரவு வந்ததும் கிளம்பலாம் என்று காத்திருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. பாரடைஸில் பகுதி பகுதியாக வெளியேறும் திட்டம் இருந்தது, ஒத்திகையும் பார்த்திருந்தார்கள். தீ வந்த வேகத்தில் ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் லஹைனா எரிந்தபோது அங்கே இருந்த சைரன்கள் ஒலிக்கவேயில்லை. மின்சாரமும் கைபேசி சேவையும் பல இடங்களில் போயிருந்தன. வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கிவிட்டு எச்சரிக்கை ஏற்பாடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோயில் மணியோ, கை ஒலிபெருக்கியோ, கதவைத் தட்டும் ஆளோ, மின்சாரம் இல்லாமல் வேலை செய்யும் ஒன்று கட்டாயம் வேண்டும்.

தாமதமாகக் கிளம்புவது பல நேரம் கிளம்பாமலே இருப்பதைவிட மோசம். 2017 ஜூன் 17 அன்று போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டே தீயில் 66 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இறந்தது சாலையில், தப்பிக்கும் வழியில். அடுத்த ஆண்டே அந்த நாடு தீ அபாயமுள்ள கிராமங்களுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துக்கு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர், முன்பே குறித்த பாதைகள், வெளியேற முடியாவிட்டால் ஒதுங்க ஓர் இடம். மூன்றாவதைத்தான் பல ஊர்கள் விட்டுவிடுகின்றன. சாலை அடைபட்டால் எங்கே போவது? மரமோ புதரோ இல்லாத பெரிய மைதானமா, உறுதியான கட்டடமா என்பதைத் தீயணைப்புத் துறையினரோடு சேர்ந்து முன்பே முடிவு செய்ய வேண்டும்.

பாரடைஸில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். திட்டம் போடுகிறவரிடம் கார் இருக்கிறது, காது கேட்கிறது, முழங்கால் நன்றாக இருக்கிறது. ஊரே அப்படித்தான் என்று அவர் தன்னை அறியாமலே நினைத்துக்கொள்கிறார். நடக்க முடியாதவர்கள் பட்டியலை எழுதி அலமாரியில் வைப்பதால் பயனில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யார் அழைத்துப் போவது, அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்று இரண்டு பெயர்கள் வேண்டும். மின்சாரம் போன வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடாது, மோட்டார் கதவு திறக்காது. 2017இல் கலிபோர்னியாவின் காட்டுத்தீயில் மின்சாரம் போனபோது கார் ஷெட்டின் மோட்டார் கதவைத் திறக்க முடியாமல் முதியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2019 ஜூலை முதல் அங்கே விற்கப்படும் அத்தகைய மோட்டார்களுக்கு, மின்சாரம் போனாலும் கதவைத் திறக்க உதவும் பேட்டரி கட்டாயம். உங்கள் ஊரில் அப்படிக் கதவு இருந்தால், கையால் திறக்கும் பிடியை அந்த வீட்டுக்காரரே ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும்.

புகைக்குத் துணி முகமூடியும் ஈரக் கைக்குட்டையும் உதவாது, நுண்துகளைத் தடுக்க என்95 வகைதான் வேண்டும்.

கடைசியாக ஒத்திகை. விடுமுறை நாள் காலையில், எல்லோரும் குளித்துச் சாப்பிட்ட பிறகு, ஒத்திகை எப்போதும் நன்றாகத்தான் நடக்கும். சரி, முதல் தடவை அப்படியே இருக்கட்டும். அடுத்ததை இருட்டிய பிறகு, விளக்கை அணைத்து, கைபேசியைத் தொடாமல் நடத்துங்கள். கடைசியாக வந்து சேர்ந்த வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டு, ஊர் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அந்தக் கணக்கில் வையுங்கள்.