கார்ப்பெட் ஓரத்துக் கருப்புக் கோடு: முதலில் காற்று வழியை அடைத்துவிடுங்கள், அப்புறம் தேய்க்கலாம்

லண்டனில் கார்ப்பெட் சுத்தம் செய்வதுதான் என் தொழில். ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், இல்ஃபர்ட் பக்கம் நம்மவர்கள் வீடுகளுக்கு நிறையப் போகிறேன். அங்கே அடிக்கடி காதில் விழுவது இது: "அண்ணா, சுவரோரமா கருப்பா ஒரு கோடு இருக்கு, எத்தனை தடவை ஹூவர் (தூசி உறிஞ்சும் கருவி) போட்டாலும் போகவே மாட்டேங்குது." சொல்லும்போதே அந்த அக்காவின் குரல் இறங்கிவிடும், வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று யாரோ குற்றம் சொன்ன மாதிரி. அவர்களிடம் நான் முதலில் சொல்வது, இது உங்கள் அழுக்கு இல்லை, வீடு கட்டிய விதத்தால் வருவது என்பதுதான்.

இந்தப் பகுதியின் பழைய வரிசை வீடுகள் பலவும் நூறு வருடம் தாண்டியவை. தரை மண்ணின் மேல் நேராக உட்கார்ந்திருக்காது. மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்திருப்பார்கள், அடியில் வெற்றிடம் இருக்கும். மரம் உளுத்துப் போகாமலிருக்க வெளிச்சுவரில் துளை போட்ட செங்கல் வைத்து அந்த வெற்றிடத்துக்குக் காற்று விட்டிருப்பார்கள். குளிர்காலத்தில் ஹீட்டிங் போட்டதும் சூடான காற்று மேலே ஏறி மாடி வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்காற்று, பலகைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரின் அடியோரம் அடித்திருக்கும் பட்டைப் பலகை) நடுவே உள்ள இடுக்கு வழியாக உள்ளே வரும். சில இடங்களில் அறைக் காற்றே அந்த இடுக்கில் இறங்கிப் போகும். எந்தத் திசையில் போனாலும் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். காப்பி வடிகட்டியில் தூள் தங்குவது போல, காற்றிலிருக்கும் மெல்லிய கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த இழைகளில் தங்கிவிடும். மூடியே வைத்திருக்கும் படுக்கையறைக் கதவின் அடியில் ஒரு கோடு விழுவதும், படிக்கட்டின் இரு ஓரமும் கருப்பதும் இதே காரணத்தால்தான்.

கை வைப்பதற்கு முன் அது காற்றுக் கறைதானா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தால் சாம்பல் கலந்த கருப்பு ஒட்டும், வாடை இருக்காது. கோடு சுவரை ஒட்டி நேராக ஓடும். புழுங்கிய வாடை வந்து, சுவரிலும் புள்ளி புள்ளியாக இருந்தால் அது பூஞ்சை; ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். இழை உதிர்ந்து சொட்டையாக இருந்தால் பூச்சி. பாய்லர் அல்லது கேஸ் ஹீட்டரைச் சுற்றிச் சுவரில் கரி படிந்திருந்தால் மட்டும் கார்ப்பெட்டை மறந்துவிடுங்கள். அது கார்பன் மோனாக்சைடு கசிவின் அறிகுறியாக இருக்கலாம். கருவியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் சேஃப் பதிவு (கேஸ் வேலை செய்ய இங்கே வேண்டிய அதிகாரப்பூர்வப் பதிவு) உள்ளவர் பார்த்துச் சொல்லும்வரை அதைத் திரும்பப் போடாதீர்கள்.

காற்றுக் கறைதான் என்று தெரிந்தால், முதல் வேலை உலர்ந்த தூசியை எடுப்பது. தண்ணீர் பட்டுவிட்டால் தூள் கரி மை மாதிரி பரவி அடிவரை இறங்கிவிடும். ஹூவரின் ஒடுக்கமான முனையை மாட்டி, ஸ்கர்ட்டிங்கை ஒட்டி மெதுவாக இழுத்து வாருங்கள். மற்றொரு கையில் உலர்ந்த பழைய டூத்பிரஷ் வைத்து இழைகளைக் கிளறிக்கொண்டே போனால் இன்னும் வரும். இதற்குப் பொறுமை வேண்டும். சுவருக்குப் பத்து நிமிடமாவது கொடுங்கள்.

அடுத்தது, பலர் விட்டுவிடும் வேலை. கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்க வேண்டும். சுவரோரம் கிரிப்பர் என்று ஒரு மரப்பட்டை இருக்கும், அதில் ஆணி முனைகள் மேல்நோக்கி நிற்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அறை மூலையில் இழையை இடுக்கியால் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் ஆணியிலிருந்து கழன்று வரும், பிறகு ஓரமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு போகலாம். ஒரு முழ அகலம் மடித்தால் போதும். கார்ப்பெட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பலகை இடுக்கு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அச்சடித்த மாதிரி கருப்பு வரி விழுந்திருக்கும். காற்று எங்கே வருகிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகமாக இருந்தால் நனைத்த கையை இடுக்குக்கு மேலே பிடியுங்கள், சில்லென்று தெரியும்.

கீழேயும் ஹூவர் போட்டுவிட்டு, ஸ்கர்ட்டிங்குக்கும் பலகைக்கும் நடுவே டெக்கரேட்டர்ஸ் கால்க் (இடுக்கை அடைக்கும் பசை) பிதுக்கி அடைத்துவிடுங்கள். விரல் நுழையும் அளவு பெரிய இடுக்கானால் முதலில் நுரைக் கயிறு திணித்து, அதன்மேல் கால்க் பூச வேண்டும். ரேடியேட்டர் குழாய் தரைக்குள் இறங்கும் ஓட்டையை மறக்காதீர்கள், அங்கேதான் காற்று அதிகம் வரும். குழாய் சூடாகும் என்பதால், அதைச் சுற்றிச் சூடு தாங்கும் சீலன்ட் போடுங்கள். ஒரு இரவு காய விட்டு, கார்ப்பெட்டை இழுத்துப் பிடித்து ஆணியில் அழுத்தி மாட்டிவிடலாம். ஆனால் வெளிச்சுவரில் இருக்கும் துளைச் செங்கலை ஒருபோதும் அடைக்காதீர்கள். குளிர் குறையும் என்று சிமென்ட் பூசிவிடுகிறார்கள், சில வருடத்தில் தரைச்சட்டமே ஈரத்தில் அழுகிவிடும். அதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் கார்ப்பெட் விலை ஒன்றுமே இல்லை.

இப்போது கறைக்கு வருவோம். எந்த இழை என்று தெரியாமல் எதையும் ஊற்றக் கூடாது. அலமாரிக்குள் கண்ணில் படாத இடத்தில் ஒரு சிறு இழையை வெட்டி, ஒரு சொட்டுப் பாத்திர சோப்புக் கலந்த தண்ணீரில் நன்றாக நனையும்படி அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. மூழ்கினால் கம்பளியோ நைலானோ பாலியஸ்டரோ. அதைக் கம்பளி என்றே வைத்துக்கொண்டு மென்மையாக நடத்துங்கள். கம்பளியில் பிளீச் பட்டால் இழையே கரைந்துவிடும். சலவை சோடாவும் அதற்கு ஆகாது. 'பயோ' என்று போட்ட சலவைத்தூளில் புரதத்தை அரிக்கும் என்சைம் இருக்கிறது, கம்பளியும் புரதம்தான்.

இந்தக் கறையில் கரியைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெய்ப் பிசுக்கு. அதனால்தான் வெறும் தண்ணீருக்கு அசையாது. மருந்துக் கடையிலோ ஆன்லைனிலோ ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். இங்கே விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் விளக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள், அந்தப் பிசுக்கு தங்கி மறுபடி அழுக்கைப் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறைவான மூலையில் சோதித்து, சாயம் போகவில்லை என்றால் மட்டும் தொடங்குங்கள். ஆல்கஹாலைத் துணியில்தான் ஊற்ற வேண்டும், கார்ப்பெட்டில் நேராக ஊற்றினால் அடியில் இருக்கும் பசை இளகிவிடும். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஒரு சாண் நீளம் மட்டும் எடுத்துக்கொண்டு, கோட்டின் நீளவாக்கில் ஒற்றி ஒற்றி எடுங்கள். துணி கருத்ததும் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள்.

பிறகு அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் நிறமில்லாத பாத்திர சோப்பு. துணியை முக்கி நன்றாகப் பிழிந்துவிட்டு, அதே இடத்தில் வைத்து ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். டூத்பிரஷால் மெல்லத் தட்டிவிட்டு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கடைசியாக வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை சோப்பை எடுத்துவிட வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் ஓரம் சீக்கிரம் மறுபடி கருக்கும். எங்கேயும் சொதசொதவென்று நனைக்காதீர்கள். கிரிப்பர் ஆணி துருப்பிடித்தால் அந்தப் பழுப்பு மேலே ஏறிவரும், அது கருப்புக் கோட்டைவிட மோசமான தொல்லை. முடிந்ததும் ஃபேனை ஓரத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

புதுசு மாதிரி ஆகுமா என்று கேட்பார்கள். ஒரு குளிர்காலத்துக் கறை அநேகமாகப் போய்விடும். பத்து வருடக் கறை மங்கும், முழுசாகப் போகாது. பாலிப்ரொப்பிலீன் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும் இழை, அதில் இன்னும் கஷ்டம். முழுசாகப் போகும் என்று உறுதி சொல்லி முன்பணம் கேட்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி, எண்ணெய் விளக்கு, வடை சுடும் எண்ணெய்ப் புகை. குளிர்காலத்தில் ஜன்னல் திறக்காத வீட்டில் இவை எல்லாம் சேர்ந்து அந்த ஓரத்தில்தான் போய் உட்காரும். சாமி கும்பிடுவதை விடச் சொல்ல எனக்கு மனசு வராது, அதற்குத் தேவையும் இல்லை. திரியைச் சின்னதாக வைத்தால் புகை குறையும். கற்பூரம் காட்டும் நேரம் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். பொரிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, வெளியே புகை தள்ளும் ஃபேனைப் போடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கால்க் போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குடிபோகும் அன்றே ஓரங்களைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள், காலி செய்யும்போது டெபாசிட்டில் கை வைத்தால் காட்ட ஆதாரம் வேண்டும். 2019 ஜூன் 1 முதல் நடப்பிலிருக்கும் சட்டப்படி, இங்கிலாந்தில் காலி செய்பவரிடம் தொழில்முறைச் சுத்தத்துக்கென்று கட்டாயக் கட்டணம் வாங்கக் கூடாது. வந்தபோது இருந்த அளவுக்குச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். தரை இடுக்குக் காற்றால் விழுந்த கோட்டுக்குப் புதுக் கார்ப்பெட் விலை கேட்டால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். டெபாசிட் எந்தப் பாதுகாப்புத் திட்டத்தில் போடப்பட்டிருக்கிறதோ அங்கேயே தகராறைப் பதிவு செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.