பசையைக் கடைசியில் எடுங்கள்: கையால் செய்யும் வாழ்த்து அட்டையிலும் குடும்ப ஆல்பத்திலும் நாம் செய்யும் தவறுகள்

பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்கு நானே ஓர் ஆல்பம் செய்தேன். கறுப்புச் சார்ட் அட்டையை வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு நூல் கோத்து, ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்தது. முதல் பக்கத்தில், பாட்டி இரண்டு வயதுக் குழந்தையாக அவள் அம்மா மடியில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. பின்பக்கம் முழுக்க ஃபெவிகால் தடவி, நன்றாக அழுத்தி ஒட்டினேன். பிறந்தநாள் அன்று பாட்டி அந்தப் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். "பொறத்தால எங்க அப்பா எழுதினது இருந்துதே மக்கா, அது எங்க?" என்று கேட்டாள்.

அதைப் பிரிக்க முயன்றது அடுத்த தவறு. இட்லிப் பானை ஆவியில் காட்டினேன். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல்பூச்சு ஜெலட்டின். ஆவி பட்டால் உப்பி இளகிவிடும். ஒரு மூலை உரிந்து வந்த பிறகுதான் என் கை நின்றது. நல்லவேளை, பெரியப்பா வீட்டில் இதே படம் இன்னொன்று இருந்தது. அதன் பின்னாலும் பாட்டியின் அப்பா எழுதியிருந்தார்: மலையாள எழுத்தில் இரண்டு வரி, அதன் கீழே '1123 மகரம்'. ஸ்டுடியோக்காரர் போட்ட நம்பர் என்றுதான் முதலில் நினைத்தேன். அது மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு. 825 கூட்டினால் 1948, மகரம் என்றால் நம் தை மாதம். ஆவணியில் அந்த ஆண்டு பிறப்பதால், ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு மட்டும் 824 கூட்ட வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேரும் வரை நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே இருந்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் பழைய படங்களின் பின்னால் இப்படி எழுதியிருப்பது அதிசயமில்லை. ஒட்டுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள், அந்தப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்டு, டேக், ஆல்பம் எதுவாக இருந்தாலும் நான் செய்த, பிறர் செய்யக் கண்ட தவறுகளில் முக்கால்வாசி, பசை டப்பாவை முதலில் திறப்பதால் வருபவை.

முதலில் கவர், அப்புறம் கார்டு

கார்டை அழகாகச் செய்து முடித்துவிட்டு, அதற்குக் கவர் தேடிக் கடைகடையாக அலைவோம். கடையில் எளிதாகக் கிடைப்பது நீளமான மொய்க் கவர். சதுரக் கார்டு அதில் நுழையாது. ஏ4 அட்டையை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 10.5க்கு 14.8 செ.மீ. அளவில் இரண்டு கார்டு கிடைக்கும். கவர் அதைவிட நீளத்திலும் அகலத்திலும் அரை சென்டிமீட்டராவது பெரிதாக இருக்க வேண்டும். கார்டின் முகப்பில் முத்தும் துணிப்பூவும் வைத்தால் அந்த அளவும் போதாது. தபாலில் அனுப்புவதாக இருந்தால் மேடான அலங்காரத்தையே மறந்துவிடுங்கள். முத்திரை குத்தும்போது நசுங்கி, முத்து கவரைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

சாதாரண ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) இருக்கும். அதில் செய்த கார்டு மேசையில் நிற்காது. 200 முதல் 300 ஜிஎஸ்எம் வரை உள்ள அட்டை கேளுங்கள்; பிரிண்டிங் பிரஸ்காரர்கள் ஐவரி போர்டு என்பார்கள், கல்யாணப் பத்திரிகை அடித்த மீதித் துண்டுகள் சில இடங்களில் சும்மாவே கிடைக்கும்.

கெட்டி அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும். மரத்தைப் போல அட்டைக்கும் நார் ஓடும் வாக்கு உண்டு. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்தால், ஒரு வாக்கில் எளிதாக வளையும், மறுவாக்கில் முரண்டு பிடிக்கும். எளிதாக வளையும் வாக்கிலேயே மடிப்பு வரட்டும். ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்து, கோட்டின் பள்ளம் வெளியே வரும்படி மடியுங்கள். பள்ளம் உள்ளே போகும்படி மடிப்பதுதான் எல்லாருக்கும் கை பழகியது. நானும் பல வருடம் அப்படித்தான் மடித்தேன்.

நம் ஊர் ஈரம்

வீடியோவில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் என்பார்கள். அவர்கள் இருக்கும் ஊர் வேறு. நமக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, இரண்டு நாள் வெயில் அடித்தால் கடல்காற்றின் ஈரம். வெள்ளைப் பசையில் பாதி தண்ணீர்தான்; தாளில் ஏறியதும் நார் ஊதி, தாள் அலை அலையாக எழும்பும். கூடுதலாகத் தடவினால் கூடுதலாக ஒட்டும் என்று நினைப்பதால்தான் பக்கமெல்லாம் அப்பளம் போல ஆகிறது. தாளின் மேல் தாள் ஒட்ட இருபக்க டேப்போ பசைக்குச்சியோ போதும். துணி, மரத்துண்டு போன்ற கனமான பொருளுக்கு மட்டும் ஃபெவிகால். அதையும் ஒரு அட்டைத் துண்டால் மெல்லிதாக இழுத்துத் தடவி, மேலே பட்டர் பேப்பர் வைத்து, அதன் மேல் நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் கறை மட்டும் நிற்கும்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒட்டக் காய்ச்சிய மைதாப் பசை மிச்சம் இருக்கும். வீணாகிறதே என்று அதை ஆல்பத்துக்கு எடுப்பார்கள். ஸ்டார் ஒரு மாதம் தொங்கினால் போதும். ஆல்பம் முப்பது வருடம் இருக்க வேண்டும். மாவுப் பசை கரப்பானுக்கும் சிதல் என்கிற கரையானுக்கும் வைத்த விருந்து.

குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்டேப்ளர் பின்னைத் தொடாமல் இருப்பது நல்லது. உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் போனாலே துரு இறங்கி, அட்டையில் காப்பிக்கறை போல் தங்கிவிடும். நூலால் தையுங்கள்.

பூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோவாளை பக்கத்தில் இருப்பதால் நமக்குப் பூவுக்குக் குறைவில்லை, கார்டிலும் பூ வைக்கக் கை துறுதுறுக்கும். மல்லிகையைப் பச்சையாக ஒட்டினால் மறுநாள் பழுப்பாகிவிடும், ஈரத்தில் பூஞ்சையும் வரும். குருத்தோலை காயும்போது சுருங்கி, தான் ஒட்டியிருக்கும் அட்டையையும் சேர்த்து இழுத்து வளைக்கும். ரோஜாவை முழுசாக அழுத்தாமல் இதழ் இதழாகப் பிரித்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றுங்கள். முதல் வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து, இதழ் தாளைப் போலச் சலசலத்தால் ஒட்டலாம். அரளி நிறம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது விஷம், குழந்தை கையில் போகும் கார்டில் வைக்கக் கூடாது. கிளிட்டரும் அப்படித்தான். உதிர்ந்து கண்ணில் விழும். ஒருமுறை பந்தியில் பாயசத்திலேயே மின்னியதைப் பார்த்தேன்.

கல்யாணக் கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொடுவார்கள். குழைத்த மஞ்சள் காய்வதற்குள் அடுக்கி வைத்தால் அடுத்த கார்டின் முதுகில் பதிந்துவிடும். விரித்துக் காயவையுங்கள், ஆனால் நிழலில். வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துப்போகும்.

எழுதும் வார்த்தை

நெட்டில் எடுத்த டிசைனை அப்படியே வைத்து, விசேஷத்துக்கு வீட்டில் யாரும் சொல்லாத பெயரை அதில் அச்சடிப்பது இப்போது அதிகம். குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாள் விசேஷம் நடக்கும் வீட்டில் 'இருபத்தெட்டு' என்றே போடலாமே. புது வீட்டுக்குப் பால்காய்ப்பு, முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைக்குப் புதுநன்மை. நாம் வாயால் சொல்லும் பெயரே கார்டில் இருந்தால் வாங்குபவர் முகம் மலரும். 'வாழ்த்துக்கள்' என்று எழுதாமல் 'வாழ்த்துகள்' என்று எழுதுங்கள். தமிழ் வாத்தியார் இல்லாத குடும்பம் நம் மாவட்டத்தில் குறைவு. தமிழில் டைப் செய்த ஃபைலைக் கடையில் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போனால் அந்தத் தொல்லை இல்லை. கடையில் இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் ஈரக்கை பட்டதும் கரையும். லேசர் பிரிண்ட் கேளுங்கள்.

துக்கம் நடந்து வருடம் திரும்பாத வீடு பண்டிகை கொண்டாடாது. அந்த வீட்டுக்கும் மற்றவர்களுக்குப் போல ஜிகினா கார்டு அனுப்பிவிடுவது, பட்டியலைப் பார்த்து ஐம்பது கார்டை ஒரே மூச்சில் எழுதும்போது வரும் தவறு. வெள்ளைத் தாளில் கையால் நாலு வரி எழுதி அனுப்பலாம்.

தாம்பூலப் பையில் கட்டும் டேக்குக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டையை விளிம்புக்கு ஒட்டிப் போடாதீர்கள், அரை விரல் அகலம் உள்ளே தள்ளிப் போடுங்கள். நூறையும் வெட்டும் முன் ஒன்றைச் செய்து பையில் கட்டி, பையைத் தூக்கி நாலு எட்டு நடந்து பாருங்கள்.

படங்கள்

நம் பக்கத்தில் எதையும் லேமினேட் செய்துவிடுகிறோம். பழைய படத்தைச் சூட்டில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்கிவிட்டால் அப்புறம் அதை யாராலும் வெளியே எடுக்க முடியாது. ஒரிஜினலை ஸ்கேன் செய்து நகலை ஒட்டுங்கள், வெட்டுங்கள், பூ வடிவில் கத்தரியுங்கள்; ஒரிஜினல் தனி உறையில் இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் படம் கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புவான், அது சுருங்கி வரும். 4க்கு 6 அங்குலத்தில் பளிச்சென்று பிரிண்ட் எடுக்க 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் அப்படியே முழுதாக வரும்.

படத்துக்குக் கீழே 'மாமா, மாமி, நான், சித்தி' என்று எழுதுவதைப் போல் பயனற்ற வேலை இல்லை. யாருக்கு மாமா? எனக்குச் சித்தி, என் பெரியம்மா மகளுக்கும் சித்தி, என் அப்பாவுக்குக் கொழுந்தி. ஆல்பத்தைப் புரட்டும் பேரன் எழுதியவரின் முறையைக் கண்டுபிடிக்க ஜாதகமா பார்ப்பான்? பெயர், ஊர், வருடம், என்ன விசேஷம், இவ்வளவும் எழுதுங்கள். முறைப்பெயரை அடுத்த வரியில் ஆசைக்கு எழுதிக்கொள்ளலாம். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், சாயம் வெளுக்கும். பழைய படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முகத்தில் கோடு எழும்பித் தெரியும், அங்கே மென்மையான பென்சில்தான்.

ஒரிஜினலையே வைத்தாக வேண்டும் என்றால் மூலைப் பை செய்யுங்கள். 4 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் தாள் துண்டு ஒன்று. நீள விளிம்பு உங்களைப் பார்க்க வைத்து, மேல் மூலைகள் இரண்டையும் கீழ் விளிம்பின் நடுப்புள்ளிக்கு மடக்கினால் முக்கோணம் வரும், அடியில் பை போலத் திறந்திருக்கும். இப்படி நான்கு. படத்தின் நான்கு மூலைகளிலும் மாட்டி, மடக்கு வந்த பக்கத்தில் மட்டும் பசை தொட்டு ஆல்பத்தின் பக்கத்தில் ஒட்டுங்கள். பசை துளியும் படத்தைத் தொடாது, வேண்டும்போது உருவி எடுக்கலாம். எதிர்ப்பக்கத்தில் முத்து, பொத்தான் எதுவும் வைக்காதீர்கள். ஆல்பம் மூடியிருக்கும்போது அது முகத்தில் பள்ளம் விழுத்தும்.

பெரியப்பா தன்னிடம் இருந்த படத்தைக் கொடுத்துவிட்டார். முதல் பக்கத்தை மாற்றி, மூலைப் பையில் அதை வைத்திருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் பாட்டி ஆல்பத்தைத் திறந்து, படத்தை உருவி, முதலில் பின்பக்கத்தைத்தான் காட்டுகிறாள். அந்த இரண்டு வரியை விரல் வைத்து வாசிக்கவும் செய்கிறாள்; எங்களில் வேறு யாருக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியாது. உருவி உருவி மேல் இடது மூலைப் பை கிழிந்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை புதிது மடக்க வேண்டும்.