விவாதம் பழக்குவதற்கு முன் பிள்ளையின் கையிலுள்ள தாளை வாங்கி வையுங்கள்

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒன்றரைக்கு மணி அடித்ததும் விவாத அணிப் பிள்ளைகள் கன்டீனில் ஆளுக்கொரு ரோல்ஸ் வாங்கிக்கொண்டு மேல்மாடிக்கு வருவார்கள். மூன்றரைக்கு ரியூசன். இடையில் கிடைக்கும் நேரத்தில் எதைப் பழக்குவது, எதை விடுவது என்று சில வருடங்கள் தடுமாறிய பிறகுதான் இந்த முறை கைக்கு வந்தது.

முதல் வருடம் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன். எதிரணி என்ன சொல்லும் என்று நானே ஊகித்து, அதற்கு மறுப்பையும் நானே எழுதி, தரம் 10 பிள்ளை ஒருத்தியைப் பாடமாக்க வைத்தேன். போட்டியன்று அவள் எழும்பி, "எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் செலவைப் பற்றிக் குறிப்பிட்டார்" என்று தொடங்கி வெளுத்து வாங்கினாள். எதிரணியில் ஒருவரும் செலவைப் பற்றி வாயே திறக்கவில்லை. நடுவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டார். பிள்ளையில் என்ன பிழை? அன்றோடு மறுப்புரை எழுதிக் கொடுப்பதை விட்டேன்.

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளையைத்தான் எல்லோரும் முதலில் அணிக்குச் சேர்ப்பார்கள். நான் வகுப்பில் "ஏன் மிஸ் அப்படி?" என்று கேட்டு உயிரை எடுக்கும் பிள்ளையைத் தேடுகிறேன். குரலை இரண்டு தவணையில் சரி செய்துவிடலாம்.

முதல் இரண்டு வாரம் யாரும் பேச வேண்டியதில்லை. தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, சொல் சொல்லாக உடைப்போம். "இளைஞரின் சீரழிவுக்குக் காரணம் சமூக ஊடகங்களே" என்று ஒரு தலைப்பு. பிள்ளைகள் உடனே ஊடகத்துக்குள் பாய்ந்துவிடுவார்கள். நான் கடைசி எழுத்தைச் சுற்றி வட்டம் போடுவேன். அந்த ஏகாரம் பிரிநிலையா, தேற்றமா? பிரிநிலை என்றால் மற்றக் காரணங்களையெல்லாம் தள்ளி, ஊடகம் ஒன்றுதான் என்று சார்பணி நிறுவ வேண்டும். தேற்றம் என்றால் ஊடகம் நிச்சயமாக ஒரு காரணம் என்று காட்டினாலே போதும். சார்பணி தேற்றம் என்று வாதாடும், எதிரணி பிரிநிலை என்று பிடிக்கும். இடைச்சொல் பாடத்தில் தூங்கிய பிள்ளை இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். "இளைஞர்" யார், எந்த வயது, "சீரழிவு" என்றால் எது என்பதையும் முதல் பேச்சாளர் தன் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சியில் அணிக்கு நால்வர். ஆளுக்கு 4 நிமிடம், கடைசியில் தலைவருக்கு 3 நிமிடத் தொகுப்புரை. போட்டிக்குப் போட்டி இது மாறும், சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்வேன், அதுவும் தொடங்கப் பத்து நிமிடத்துக்கு முன்புதான். அதனால் இரண்டு பக்கமும் தயாரித்துத்தான் வர வேண்டும். அடுத்த வாரம் அதே தலைப்பு, பக்கம் மட்டும் மாறும். "போன கிழமை நீதானே மாறிச் சொன்னாய்?" என்று ஒருவரையொருவர் வாரிக்கொள்வார்கள். வாரட்டும்.

இனி மறுப்புரை. எனக்கு நேரமெல்லாம் போவது இதில்தான். ஒரு ஏ4 தாளை நெடுக்காக நான்காய் மடியுங்கள். எதிரணிப் பேச்சாளர் ஒருவருக்கு ஒரு பத்தி. அவர் சொன்னதை நீலப் பேனையால் நாலைந்து சொல்லில் எழுத வேண்டும், அதற்கு நம் பதிலைச் சிவப்பில் பக்கத்தில். முழு வசனம் எழுதப் போனால் அடுத்த கருத்து காதிலேயே விழாது.

பேசும்போது முதலில் எதிரணி சொன்னதை அவர்களே தலையாட்டும் அளவுக்கு நேர்மையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் மூன்றில் ஒன்று. முதலாவது, தகவல் பிழை. இரண்டாவது, தகவல் சரி, ஆனால் அதிலிருந்து இந்த முடிவு வராது. மூன்றாவது, முடிவும் சரி, ஆனால் இதைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது.

நல்ல பாடசாலைகளில் இடம் பிடிக்கப் பிள்ளைகள் எழுதும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை ஒழிக்க வேண்டும் என்ற தலைப்பில் சார்பணி எப்போதும் முதலில் சொல்வது, பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு மன அழுத்தமா என்பதுதான். பழகாத பிள்ளை எழும்பி "அழுத்தமே இல்லை" என்று அடித்துச் சொல்லும். சபையில் இருக்கும் அம்மாமார் சிரிப்பார்கள். என் மாணவன் ஒருவன் இப்படிச் சொன்னான்: "அழுத்தம் இருப்பதை ஏற்கிறோம். ஆனால் அது பரீட்சையால் வருகிறதா, நல்ல பாடசாலைகள் சிலவே இருப்பதால் வருகிறதா? பரீட்சையை எடுத்தாலும் அந்தப் பாடசாலைகளின் வாசலில் அதே வரிசைதான் நிற்கும்." இது இரண்டாவது வகை. அடுத்தவள் மூன்றாவதைப் பிடித்தாள்: 1940களில் இலவசக் கல்வியோடு மத்திய மகா வித்தியாலயங்கள் வந்தபோது, வசதியில்லாத கிராமத்துப் பிள்ளை அங்கே நுழையத் திறந்த கதவு இந்தப் புலமைப்பரிசில், அதை மூடினால் யாருக்கு நட்டம் என்று. சார்பணித் தலைவர் விட்டாரா? இன்று அந்தக் கதவில் நிற்பது ரியூசனுக்குக் காசு கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை என்று அதே தகவலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்று நான் ஒன்றும் திருத்தவில்லை.

எதிரணிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தன் பக்கம் ஒன்றையும் நிறுவாமல் மற்றவரை இடித்துக்கொண்டே இருப்பதற்குத்தான் தருக்க நூலார் விதண்டை என்று பெயர் வைத்தார்கள். நாம் விதண்டாவாதம் என்று திட்டுவது அதிலிருந்து வந்ததுதான். பரீட்சை இருக்கட்டும் என்றால், எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும்.

மற்றவை சில்லறை விடயங்கள். தமிழ்த்தாய், நடுவர், சபையோர் என்று வணக்கம் சொல்லியே முக்கால் நிமிடம் போகும். ஒரு வசனத்தில் முடிக்கப் பழக்குங்கள். எதிரில் இருப்பவர் "எதிரணி நண்பர்", வகுப்பில் "டேய்" ஆக இருந்தாலும். "சோ", "பட்" வந்தால் பக்கத்துப் பிள்ளை மேசையில் ஒரு தட்டு. உச்சரிப்பில் நான் கை வைப்பதில்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு முஸ்லிம் வீடு என்று நான்கு தமிழ் ஒரே அணியில் கேட்கும், கேட்கட்டும். தொகுப்புரையில் புதுக் கருத்து கூடாது. எங்கள் வகுப்புக்குப் பின்னால் கரையோரக் கோச்சி, அதாவது ரயில், போகும். அது கடக்கும்வரை பேச்சை நிறுத்தி, விட்ட சொல்லிலிருந்து தொடர வேண்டும் என்பது விதி. கைதட்டலுக்கு நடுவே கத்தாமல் நிற்கப் பிள்ளைகள் அப்படித்தான் பழகினார்கள்.

போட்டி முடிந்து முடிவு அறிவிக்க முன்பே நால்வரின் மடித்த தாள்களையும் வாங்கிவிடுவேன். பஸ்ஸில் வரும்போது பார்ப்பேன். எந்தப் பத்தியில் நீலம் மட்டும் இருக்கிறதோ, அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கிருந்து தொடங்குவோம்.