டெஃப்லான் டேப் சுற்றியும் குழாய் கசிகிறதா?

புதுக் குழாய் மாட்டியும் மரையோரம் நீர் கசிந்தால், முதலில் டேப் சுற்றிய திசையைச் சந்தேகியுங்கள். மரையின் வாய் நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் பிரிந்து, சுருண்டு வெளியே வந்துவிடும். பழைய துணுக்குகளைக் கம்பி பிரஷால் எடுத்து, மரையை ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். முனையில் முதல் புரியை விட்டுவிட்டு, டேப்பை இழுத்துப் பிடித்து, அரை அங்குலக் குழாய்க்கு 5, 6 சுற்று. முதல் புரியையும் மூடினால் துணுக்கு உள்ளே போய் வடிகட்டி வலையை அடைக்கும்.

பலரும் தவறுவது கடைசியில்தான். இறுக்கிய பிறகு குழாய் வாய் நேராக இல்லையென்று பின்னோக்கித் திருப்பாதீர்கள். கசிவு அங்கேதான் தொடங்கும். கழற்றி, புது டேப் சுற்றியே மாட்டுங்கள்.