பழைய ஃபார்முலா மாருதியின் சேஸிஸ் சட்டத்தைச் சோதிப்பது எப்படி?

கோவையில் கரிவரதன் உருவாக்கிய ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி ஃபார்முலா மாருதி. எஞ்சின் மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர். காரைக்குடிப் பக்கம் பழையது ஒன்று கிடைத்தால் எஞ்சின் இருக்கட்டும், முதலில் வண்டியைத் தாங்கும் குழாய்ச் சட்டத்தை (சேஸிஸ்) பாருங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜாக்கி வைக்காதீர்கள், கல் விரிசல்விடும். மட்டமான சிமெண்டுத் தரை வேண்டும். முன் சஸ்பென்ஷன் தாங்கியிலிருந்து (சஸ்பென்ஷன் சட்டத்தோடு பொருந்தும் இடம்) எதிர்ப்பக்கப் பின் தாங்கிவரை இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கவும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சட்டம் கோணியிருக்கிறது என்றே சந்தேகப்படலாம்.

தாங்கிகளின் வெல்டிங் ஓரங்களில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். பெயிண்டைச் சுரண்டி, விரிசல் காட்டும் சிவப்புச் சாய ஸ்பிரே அடித்து, 10 நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, விரிசலுக்குள் புகுந்த சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் ஸ்பிரேயை அடியுங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் அதன்மேலேயே வெல்டிங் பூசுவது வீண்வேலை. இரு நுனியிலும் துளையிட்டு, கீறலை முழுக்க அரைத்தெடுத்த பிறகே பற்றவைக்கவும்.