டேட்டா எடுத்த பிறகு வரும் கேள்வி: உயிரியல் ஆய்வு மாணவர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் பிஎச்டி மாணவர்களுக்குக் குறைவே இல்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், 1912 முதல் இருக்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் என்று நாலா பக்கமும் ஆய்வுதான். உயிரியல் மாணவர்கள் புள்ளியியல் தெரிந்த ஆளைத் தேடி வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "டேட்டா எல்லாம் எடுத்தாச்சுங்க சார். எந்த டெஸ்ட் போடறதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் பயிற்சியை வைத்திருக்கும் வரிசை அப்படி. முதலில் களப்பணி, லேப். தீசிஸ் எழுதும் நேரத்தில் ஒரு இரண்டு நாள் பயிலரங்கு. முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் போவது பிணப் பரிசோதனை கேட்பதைப் போன்றது என்று 1938-லேயே புள்ளியியல் மேதை ஃபிஷர் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசிவிட்டுப் போனார்.

2016-ல் பொள்ளாச்சி வட்டாரத் தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்ற பூச்சி வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு வேப்பெண்ணெய் எடுபடுமா என்று ஒரு மாணவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தோப்பில் தெளிக்கிறார், பக்கத்துத் தோப்பைச் சும்மா விடுகிறார். தோப்புக்கு 30 மரம், மரத்துக்கு 5 ஓலை, உட்கார்ந்து எண்ணுகிறார். கணக்கில் 150-க்கு 150 என்று போடுகிறார். பி மதிப்பு, அதாவது மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு, அழகாகக் குறைந்து வருகிறது. ஆனால் மருந்து தெளித்த தோப்பு ஒன்று, தெளிக்காதது ஒன்று. அதற்கு மேல் எதுவும் இல்லை. ஒரு தோப்பில் தண்ணீர் வசதி கூட இருந்திருக்கலாம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடித்திருக்கலாம். ஓலைகளை எவ்வளவு எண்ணினாலும் அந்த வித்தியாசம் மருந்தின் வித்தியாசத்தோடு கலந்தே நிற்கும். ஒரே தோப்பில் பல தடவை எண்ணியதைப் பல தனித்தனிச் சோதனை (ரெப்ளிகேஷன்) என்று கணக்குக் காட்டும் இதற்கு 1984-ல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் போலி ரெப்ளிகேஷன் என்று பெயர் வைத்தார். பல தோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதியைக் குலுக்கல் முறையில் தெளித்து, ஈ பறந்து போகும் என்பதால் நடுவில் சில வரிசைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால் கதையே வேறு.

வேளாண்மை மாணவர்களுக்கு ஆர்பிடி (வயலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் சோதிப்பது) பழக்கம் என்பதால் இது ஓரளவு புரியும். மூலக்கூறு உயிரியல்காரர்கள்தான் இதை வயல் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கன்ட்ரோல் சாம்பிளுக்குத் திங்கட்கிழமையும் ட்ரீட்மென்ட் சாம்பிளுக்கு வியாழக்கிழமையும் ஆர்என்ஏ எடுத்தால் அதுவும் அதே தவறுதான். எந்த மென்பொருளாலும் பிறகு கிழமையைத் தனியே பிரித்தெடுக்க முடியாது.

அடுத்தது எக்செல். எக்செல் கெட்டதில்லை, கேட்காமலே திருத்துவதுதான் தொல்லை. SEPT2 என்ற மரபணுவை உள்ளிட்டால் செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-ல் ஒரு ஆய்வு காட்டியது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு இப்படிச் சிக்கிய மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மாணவருக்குச் சொல்ல வேண்டியது சின்ன விஷயம்: மூல டேட்டாவைத் தொடாதே, செய்யும் மாற்றம் எதுவானாலும் ஸ்கிரிப்டில், அதாவது கணினிக்கான கட்டளைக் கோப்பில், இருக்கட்டும்.

பயிலரங்குகளில் இன்னொரு வழக்கம், 1936-ம் வருடத்து ஐரிஸ் பூ டேட்டாவை வைத்து ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொடுப்பது. 150 பூ, ஒரு கட்டமும் காலியில்லை. தன் நோட்டில் பாதி விடுபட்டு, ஒரு நாள் மில்லிமீட்டரிலும் மறுநாள் சென்டிமீட்டரிலும் எழுதி வைத்திருக்கும் மாணவருக்கு அது என்ன உதவி? அவரவர் டேட்டாவோடு வரச் சொல்லுங்கள். இன்ஸ்டால் வேலையை முந்தின வாரமே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் காலை அதிலேயே போய்விடும்.

"ப்யூர் சயின்ஸ் குரூப், பிளஸ் டூவிலேயே கணக்கு கிடையாது" என்று மாணவரும் கைடும் சேர்ந்தே ஒதுங்குவதும் உண்டு. இவர்களிடம் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். ஒரே கூட்டத்திலிருந்து இரண்டு மாதிரி எடுத்து, அவற்றின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் போடும் வேலையைக் கணினியில் 1000 தடவை ஓடவிடுங்கள். வித்தியாசமே இல்லாத இடத்தில் சுமார் 50 தடவை பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்தவருக்கு, 20,000 மரபணுவைச் சோதித்தால் சும்மாவே 1000 'கண்டுபிடிப்பு' வரும் என்பதும், இப்படி வரும் பொய்க் கண்டுபிடிப்புகளைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி-ஹாக்பெர்க் திருத்தம் எதற்கு என்பதும் தனியாகச் சொல்லாமலே விளங்கும்.

பகுப்பாய்வைக் காசு கொடுத்து வெளியே செய்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வைவாவில் ஏன் இந்த டெஸ்ட் என்று கேட்டதும் தெரிந்துவிடும். சாட்ஜிபிடியிடம் பகுப்பாய்வுக்கான நிரல் (கோட்) வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு பொய் டேட்டாவை அந்த நிரலுக்குக் கொடுத்து, சரியான விடை வருகிறதா என்று பார்க்கட்டும், போதும்.

இதற்கெல்லாம் புது விதி எதுவும் வேண்டாம். யுஜிசியின் 2022 விதிமுறைப்படி கோர்ஸ் வொர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கி, டாக்டோரல் கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே ஒரு பக்கத் திட்டம் கேட்கலாம்: எதை எண்ணப் போகிறார், உண்மையான ரெப்ளிகேஷன் எது, எத்தனை, எந்தப் புள்ளியியல் மாடல், விடுபட்ட மதிப்பை என்ன செய்வார். கூடவே, தானே உருவாக்கிய பொய் டேட்டாவில் அந்தப் பகுப்பாய்வை ஓட்டிக் காட்டட்டும், முதல் சாம்பிள் எடுக்கப் போகும் முன்பே.